வாய்க்காலில் கொட்டிய பொட்டலம்

எல்லம்மாவுக்கு ஆயுசு முழுக்க இருந்த வியாதி ஒன்றுதான், பயம். சும்மா வந்த பயமா அது? ஊரே சேர்ந்து ஊட்டி வளர்த்த பயம் ஐயா.

ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமம். அவள் புருஷன் காசிக்குச் செத்த மாட்டை உரிக்கிற வேலை. தோலை மேல்விஷாரம் வியாபாரி ஜான் பாஷாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பான். பூச்சி அரிக்காமல் இருக்கத் தண்ணீரில் கரைத்துத் தோல்மேல் தெளிக்கச் சொல்லி, பாஷா அவனுக்கு வெள்ளைப் பாஷாணம் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். விஷம்தான், ஆனால் தோல் வேலைக்கு வேண்டிய விஷம்.

அந்தப் பங்குனியில் ஊரில் நாலு மாடு அடுத்தடுத்துச் செத்துப்போச்சு. வாயில் புண், விடாத கழிச்சல், நாலைந்து நாளில் சாவு. தோலுக்குக் கிராக்கி ஜாஸ்தி ஆயிடுச்சு, அதான் காசி விஷம் வைக்கிறான் என்று எவனோ கிளப்பிவிட்டான். செத்த மாட்டை இழுத்துப்போகவும் அவன் வேணும், செத்ததுக்குப் பழி சுமக்கவும் அவனே வேணும். நல்ல நியாயம்! கிராம முன்சீப் வேதாசலம் போலீசுக்கு எழுதிப் போட்டார். மாட்டு டாக்டரையும் வரச் சொல்லியிருப்பதாகப் பேச்சு.

மத்தியானம் போலீஸ்காரர்கள் ஊருக்குள் நுழைந்த சேதி வந்தபோது காசி வீட்டில் இல்லை. எல்லம்மா பாஷாணப் பொட்டலத்தைத் தேடி எடுத்தாள். பொட்டலம் அவர்கள் கண்ணில் பட்டால் புருஷனைக் கட்டி இழுத்துப் போய்விடுவார்களே! மடியில் செருகிக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். கழனி வாய்க்காலில் எல்லாத்தையும் கொட்டினாள். ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாள், பாவி. கீழே மடையை அடைத்துத் தண்ணீர் தேக்கியிருந்தது அவளுக்குத் தெரியாது. ஏர் அவிழ்த்துவிட்ட முன்சீப்பின் காளை அங்கேதான் தண்ணீர் குடித்தது. மறுநாள் காலையில் அது விறைத்துக் கிடந்தது.

காசியைச் சாவடியில் கட்டி உட்கார வைத்தார்கள். எல்லம்மா அழுதுகொண்டே அவன் காதில் நடந்ததைச் சொன்னாள்.

டாக்டர் வந்தார். நோவு கண்டிருந்த மற்ற மாடுகளைப் பார்த்தார், செத்துப்போன நாலையும் பற்றி விசாரித்தார். நாலும் வெக்கை என்கிற தொத்து நோயில்தான் செத்தது, காசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்றார். எல்லம்மாவுக்குப் போன உசுரு திரும்பி வந்தது. அப்புறம் காளையின் வயிற்றை அறுத்துப் பார்த்தார்.

"இது மட்டும் பாஷாணம்" என்றார்.

புரளி கிளம்பின எட்டு நாளாக, விஷம் வைக்கவில்லை என்று குலசாமி மேல் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்த காசி, பெண்டாட்டியை ஒருதரம் பார்த்தான்.

"நான்தான் வெச்சேன்" என்றான்.

எல்லம்மா முன்சீப் காலில் விழுந்தாள். "இல்லே சாமி! பயத்துல நான்தான் தண்ணியில கொட்டிட்டேன். எம் புருசனுக்கு ஒண்ணும் தெரியாது."

புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று சொல்லிவிட்டார் முன்சீப். அவள் சொன்னதை ஒருத்தரும் எழுதிக்கொள்ளவில்லை.

காசிக்கு வேலூர் ஜெயிலில் மூணு வருஷம். விஷம் வைத்தவன் அகப்பட்டான் என்று ஊருக்குப் பரம திருப்தி. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவளை அப்படி ஓடவைத்தது எது என்று ஒருத்தராவது கேட்டார்களா? எனக்கு வயிறு எரிகிறது. நோவு கண்ட மாட்டைத் தனியாகக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் மறுபடியும் வெக்கை வந்து ஒன்பது மாடு செத்தது. காசி ஜெயிலில் இருந்தான். பழி சுமக்க ஆள் தேடி ஊர் எல்லம்மா வீட்டுக் கதவைத் தட்டியது.