பிடில் பார்ட்லி வெட்டிய பாட்டு

அயர்லாந்தின் மேற்கில் எங்கள் கானமாரா கடற்கரையில் பார்ட்லியின் பேரைச் சொன்னால் பாதிப் பேர் பெருமையடிப்பார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் இரண்டு பக்கமும் நின்றவன். அவனோடு கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசித்திருக்கிறேன். அதே வீடுகளின் வாசலில் அவனோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

பிடிலைக் கையில் எடுத்தால் அவன் வேறு ஆள். மீசை முளைக்கும் முன்பே லண்டனுக்குக் கப்பலேறி, பகலில் சாலைக்குக் குழி வெட்டி, மாலையில் மதுக்கடை மூலையில் உட்கார்ந்து வாசித்தான். அங்கே அமைந்த குழு அமெரிக்கா, ஜெர்மனி என்று சுற்றியது. விரல் மூட்டு வலிக்கத் தொடங்கியதும் டப்ளினில் தங்கி, மற்றவர்களின் இசைத்தட்டுகளைத் தயாரிக்க ஆரம்பித்தான். பேர் கிடைத்ததும் அதில்தான், கெட்ட பேர் கிடைத்ததும் அதில்தான். குழல்காரன் மூச்சு வாங்கினால் அந்த இடத்தை வெட்டுவான். வாசிப்பவன் கால் தட்டினால் காலடியில் மெத்தை போடுவான். "கேக்கிறவனுக்கு உன் இசை போதும்டா, நுரையீரல் எதுக்கு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறான். அன்றைக்கு அவனை அறையாமல் விட்டது என் பொறுமை.

அவனுடைய அண்ணன் ஃபெஸ்டி நண்டும் இறாலும் பிடிக்கிறவர். வாத்தியம் எதையும் தொட மாட்டார், பாட்டுதான். கடலில் மூழ்கிப்போன ஒருவன் தன் மனைவியோடு பேசுவதாக ஒரு நீண்ட பாட்டு அந்தக் குடும்பத்தில் இருந்தது. ஃபெஸ்டி அதைப் பாடினால் மதுக்கடையில் கண்ணாடிக் கோப்பைச் சத்தம்கூடக் கேட்காது. பார்ட்லி அதைப் பதிவு செய்து, பாதிச் சரணங்களை வெட்டி, கிதார் சேர்த்து வெளியிட்டான். வானொலி கொண்டாடியது. ஃபெஸ்டி அதை ஒருமுறைதான் கேட்டார். அதற்குப் பிறகு தம்பியோடு பேச்சில்லை, பாட்டும் இல்லை. யாராவது பாடச் சொன்னால், "என் தம்பிதான் அதை முடிச்சு வச்சுட்டானே, இன்னும் என்ன?" என்பார்.

வயதான காலத்தில் பார்ட்லி ஊர் திரும்பி, அப்பாவின் மாட்டுத் தொழுவத்தை ஸ்டுடியோவாக மாற்றினான். அதற்கு மறு வருஷம் ஃபெஸ்டியின் தொண்டையில் புற்று என்று கால்வே மருத்துவமனையில் சொன்னார்கள். குரல்வளையை எடுத்தால்தான் உயிர். ஃபெஸ்டியின் மனைவி டீலியா நேராகத் தொழுவத்துக்கு வந்தாள்.

"தம்பி, திங்கட்கிழமை அவர் குரலை எடுத்துருவாங்க. அதுக்குள்ள அந்தப் பாட்டைப் பிடிச்சு வைங்க. முழுசா."

"அண்ணன் வருவாரா அண்ணி?"

"வரலைன்னா காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

அவரை என் காரில் நான்தான் அழைத்துப் போனேன். தொழுவத்துக்குள் நுழைந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாடெல்லாம் எங்கேடா?"

"வித்துட்டேண்ணே."

"அதுங்களாவது உன்கிட்டேருந்து தப்பிச்சுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் அவரை உட்கார வைத்தான். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும். இரண்டாம் சரணத்தில் குரல் நின்றது. மறுபடி தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. எனக்குப் பயமாகிவிட்டது. இன்றைக்கு வராவிட்டால் அந்தப் பாட்டு இனி எப்போதும் வராது.

"தண்ணி வேணுமாண்ணே?" என்று பார்ட்லி மைக்கில் கேட்டான்.

ஃபெஸ்டி வலது கையை மட்டும் கண்ணாடியை நோக்கி நீட்டினார். எங்கள் பக்கம் நெடும்பாட்டு பாடுகிறவன் தனியாகப் பாட மாட்டான். பக்கத்தில் இருப்பவன் அவன் கையைப் பிடித்து, பாட்டு முடியும்வரை மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பான். இத்தனை வருஷம் சத்தத்தோடு வாழ்ந்த பார்ட்லிக்கு அது மறந்தே போயிருந்தது.

"நீ போயேன்," என்றான் என்னிடம்.

"கை என்னைப் பாத்தா நீட்டியிருக்கு? எழுந்திரு."

"டேப்பை யார் பாக்கிறது?"

"அது பாட்டுக்குச் சுத்தும். போடா."

போனான். நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் கையைப் பிடித்தான். ஃபெஸ்டி கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து பாடினார். குரல் கரகரத்தது, சில இடத்தில் கிழிந்தது, ஆனால் நிற்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. பார்ட்லி மூக்கை உறிஞ்சினான். எல்லாம் பதிவானது. கடைசி வரியை, எங்கள் வழக்கப்படி, பாடாமல் பேச்சாகச் சொல்லிவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"இதுல கை வச்சே, கொன்னுடுவேன்."

"சத்தியமா வைக்க மாட்டேண்ணே."

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஃபெஸ்டி பிழைத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு துளை, பேச்சு அடியோடு இல்லை. பழையபடி படகுக்குப் போய் வந்தார். பார்ட்லி பாட்டில் ஒரு நொடியைக்கூடத் தொடாமல் டீலியாவுக்கு டேப்பில் ஒரு பிரதி கொடுத்திருந்தான். குளிர்காலம் தொடங்கியபோது, நானும் தொழுவத்தில் இருந்த ஒரு நாள், அவள் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"கேக்க முடியல தம்பி."

"சத்தம் சரியில்லையா?"

"பாட்டுக்கென்ன, ஊரே கேக்கட்டும். நான் பாட்டையா கட்டிக்கிட்டேன்? கடைசியில ஒரு வரி பேசுறாரே, அது மட்டும் வேணும். மத்ததை வெட்டிடுங்க."

பார்ட்லியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணி."

அவள் ஜன்னலைக் காட்டினாள். வெளியே வண்டியில் ஃபெஸ்டி உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்துச் சரி என்று ஒருமுறை தலையாட்டிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பார்ட்லி அந்தப் பிரதியை எடுத்துப் பிளேடை வைத்தான். மூச்சு, சரணம், கிறீச்சிட்ட நாற்காலி எல்லாம் தரையில் சுருளாக விழுந்தன. மிஞ்சிய துண்டை மாட்டி ஓட விட்டான். ஃபெஸ்டி எங்களோடு அந்த அறையில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

"கதவைச் சாத்திடாதே, நான் வந்துட்டேன்."

டீலியா பையை இடுப்பில் அணைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "திறந்துதான் இருக்கு," என்றாள்.