மூடிய பெட்டிக்குள் வந்த படம்

1. ஆண்டெனாவைக் கழற்றி, அந்தத் துளையை மூடினேன்.
2. சிக்னல் அனுப்பும் கருவியை அணைத்தேன்.
3. ரிசீவர் போர்டை இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைத் திருகி மூடினேன்.
4. வெளியே இணைத்திருந்த திரையில் படம் வந்தது.

நான்காவது நடந்திருக்கவே முடியாது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே "முதல்ல ஒயரைப் பாருங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். பேய், சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, அளந்து பார்த்தால்தான் எதையும் ஒப்புக்கொள்வேன்.

இணையம் இல்லாமலே கைபேசியில் டிவி பார்க்க உதவும் ரிசீவரை வடிவமைப்பது என் வேலை. தட்டாஞ்சாவடியில் சின்ன அலுவலகம். எல்லா சேனலும் தெளிவாக வந்தன, ஒன்றில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுநாள் வாடிக்கையாளர் வருகிறார், அதற்குள் சரியாகாவிட்டால் எங்கள் வடிவமைப்பைக் கைவிட்டு வெளிநாட்டு ரிசீவரை வாங்கிக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். படத்தை உடைக்கும் மின் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறதா, போர்டிலேயே பிறக்கிறதா என்று பார்க்கத்தான் மதியம் சாப்பிட்டு வந்ததும் அதைப் பெட்டிக்குள் அடைத்தேன். அதற்குள் எந்த அலையும் நுழையாது. கேமராவும் கிடையாது.

படத்தில் தெரிந்தது எங்கள் போர்டு. ஒரு கை, மின்சாரம் தரும் பகுதியிலிருந்த கம்பிச் சுருளை இடுக்கியால் எடுத்துத் திருப்பி வைத்தது. சுருள் மேலிருந்த வெள்ளைப் புள்ளி எதிர்ப்பக்கம் போனது. அவ்வளவுதான், திரை இருண்டுவிட்டது.

போர்டில் எந்தப் பாகம் எங்கே என்று வரைந்து தரும் சலீம் என் பின்னால் நின்றிருந்தார்.

"என்னாங்க, உங்க கை டிவியில வருது?"

"என் கை இங்கதாங்க இருக்கு."

"அப்ப அந்த மணிக்கட்டுப் பட்டை? சிவப்பு நூல்ல நீங்க தச்சதுதான? இவ்ளோ கோணலா வேற யாரும் தைக்க மாட்டாங்க."

அது உண்மை. ஆனால் படத்திலிருந்த கட்டைவிரலில் பிறை மாதிரி ஒரு சூட்டுத் தழும்பு. என் விரலில் ஒன்றும் இல்லை.

அந்தச் சுருளை எப்படி வைத்தாலும் மின்சாரம் ஓடும், அதனால் புள்ளியை நாங்கள் யாரும் பார்ப்பதே இல்லை. பெட்டியைத் திறந்து, படத்தில் கண்டபடியே சுருளைத் திருப்பிப் பற்றவைத்தேன். ஆண்டெனாவை மாட்டிப் பார்த்தபோது அந்தச் சேனலிலும் படம் உடையவில்லை. இரைச்சல் கிளப்பும் முனை இப்போது சுருளின் உட்சுற்றுக்குப் போய்விட்டது, வெளிச்சுற்று அதை மறைக்கிறது. இதற்குக் காரணம் சொல்ல முடிகிறது, படம் வந்ததற்குத்தான் முடியவில்லை. மறுநாள் வாடிக்கையாளர் ஆட்டோவில் குருசுக்குப்பம் வரைக்கும் அந்தச் சேனலைப் பார்த்துக்கொண்டே போனார், இறங்கவே மனமில்லை அவருக்கு.

இப்போது எங்கள் வடிவமைப்புதான் தயாராகிறது. புள்ளி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சலீம் ஒவ்வொரு போர்டிலும் அம்புக்குறி போட்டுவிட்டார். எனக்கு நிறைவுதான், தூக்கமும் நன்றாக வருகிறது.

போன மாதம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் நழுவிக் கட்டைவிரலில் பட்டது. அதே இடம், அதே பிறை. படத்தில் பார்த்தது வெளுத்துப்போன பழைய தழும்பு. என்னுடையது இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.