பிரீசரில் இல்லாத பறவை

இங்கிலாந்தில் காட்டு வான்கோழி கிடையாது. கிறிஸ்மஸுக்கு முன் சூப்பர்மார்க்கெட்டில் உறைந்து கிடப்பது வேறு சாதி. அது பறக்காது, ஒளியாது, யாரையும் ஏமாற்றாது. என் நண்பனுக்கு வேண்டியிருந்தது ஏமாற்றுகிற பறவை.

அமெரிக்காவில் இருக்கும் அவனுடைய தம்பி ஒரு வசந்த காலத்தில் அவனைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பொழுது வெளிக்கும் முன்பே போய் மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார வேண்டும். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. மூடியை அதன் விளிம்பில் தேய்த்தால் பெட்டை வான்கோழி கூப்பிடுவதுபோல் ஒரு கிறீச்சொலி வரும். சேவல் அதை நம்பி வரவேண்டும். எதுவும் வரவில்லை. தூரத்தில் ஒன்று பதில் சொன்னது, அவ்வளவுதான். அந்த ஒரு பதிலைப் பற்றி அவன் லண்டன் நோர்பரியில் பல வருடம் பேசினான். பெட்டியையும் கையோடு கொண்டுவந்துவிட்டான்.

"அடுத்த முறை நீயும் வாறாய் மச்சான்," என்பான். "அசையாமல் இருக்கவேணும், அவ்வளவுதான். உனக்குப் பயிற்சியே தேவையில்லை. இவ்வளவு காலமும் கவுன்சிலிலை இருந்தனியெல்லே."

நான் இருந்தது அனுமதிப் பத்திரங்கள் கொடுக்கும் பிரிவில். மதுக்கடை, சாரக்கட்டு, நடைபாதையில் போடும் கதிரை, எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, எல்லாமே எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் அந்த அறிவை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நண்பர்கள்மேல் கொட்டினேன். அமெரிக்கப் பயணத்துக்கு வேண்டியதையெல்லாம் நானே செய்தேன். அந்த வருடம்தான் அவனுடைய நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு போவதாக வைத்தியர்கள் சொன்னார்கள். பயணக் காப்புறுதி தர ஒருவரும் சம்மதிக்கவில்லை. அவர்கள் மறுத்த விதத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

ஆகவே லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கென்டோடு நின்றோம். அகதியாக வந்த புதிதில் அவன் அப்பிள் பிடுங்கிய தோட்டம் அங்கே இருக்கிறது. அன்று இளைஞனாக இருந்த தோட்டக்காரன் இன்றும் அங்கேதான் இருக்கிறான், எங்களைப்போலவே நரைத்துப்போய். பயிரைத் தின்னும் புறாவைச் சுட அவன் நண்பனுக்கு அனுமதி கொடுத்திருந்தான். குளிர்காலத்தில், காட்டோரம் ஒதுங்கும் பெசன்ட் பறவைகளையும் சுடலாம். கோழியைவிடச் சற்றுச் சிறியது. சேவலுக்கு மட்டும் செம்பு நிறமும் நீண்ட வாலும், யாரோ மந்திரியைப் போல ஒரு நடையும். நான் சுடுவதில்லை. பிளாஸ்க், பை, சட்டம், இந்த மூன்றையும் சுமப்பது என் பொறுப்பு.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. சேவல் விழுந்தால் வாலில் ஆக நீளமான இறகை அங்கேயே பிடுங்கி உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். வீட்டு வாசலில், சப்பாத்தைக் கழற்றும் முன், அதை மனைவியிடம் நீட்டுவான். "செத்ததின்ரை வாலை வாசல்லை நிண்டு நீட்டுறியள், உங்களுக்கு வெக்கமில்லையே?" என்பாள் அவள். ஏசிக்கொண்டே வாங்கிப்போய் முன்னறையில் இருந்த பித்தளைச் சாடியில் செருகுவாள். அந்தச் சாடி நாளடைவில் விசிறிபோல விரிந்துவிட்டது.

இறகுக்கு அனுமதி உண்டு, பறவைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை விரதச் சாமான் இருக்கும் பிரீசருக்குள் காட்டில் செத்தது வரக்கூடாது என்பது அவளுடைய சட்டம். அதனால் கோலியர்ஸ் வுட்டில் தனியாளாக இருக்கும் என் பிரீசர்தான் பறவைகளுக்கு. உரிப்பதும் நான்தான். ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை அவள் வறுத்த தூளோடு என் குசினிக்கு வந்து கறி வைப்பாள். கறியில் ஈயக் குண்டு கடிபட்டால் அவன் அதைத் தட்டில் டிங்கென்று போட்டுவிட்டு, "பார், குறி தப்பேல்லை," என்பான். அவனுக்குப் பல்லுக் கட்டிய செலவு தனக்கல்லவா தெரியும் என்பாள் அவள்.

போன குளிர்காலத்தில் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. வேட்டைப் பருவம் முடிந்ததும் துப்பாக்கியைக் கையளித்துவிடுவதாகப் பொலிசுக்கு எழுதியாயிற்று. கையெழுத்து அவனுடையது, வசனம் என்னுடையது. ஜனவரிக் கடைசியில் ஒருநாள், ஒரேயொரு முறை போய்வருவோம் என்றான்.

மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இந்தக் குளிருக்கை போய் என்னத்தைக் கண்டனியள்? இருமலைத்தான் கொண்டு வருவியள்."

"பறவையோடை வாறன்."

"வெறுங்கையோடை வந்தால் பிறகு கதவு திறக்கமாட்டன்." பிறகு என்னிடம், "அண்ணை, ஒக்ஸிஜனைக் காருக்குள்ளை விட்டிட்டுப் போயிடாதேங்கோ," என்றாள்.

காட்டோரத்தில் மடக்குக் கதிரையில் அவனை உட்காரவைத்தேன். பக்கத்தில் ஒக்ஸிஜன். துப்பாக்கி மடியில். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வேலி மறைவிலிருந்து ஒரு சேவல் வெளியே வந்தது. பெரியது. இதைவிட வசதியாக ஒரு பறவை நிற்கவே முடியாது என்கிற இடத்தில் வந்து நின்றது.

அவன் துப்பாக்கியைத் தூக்கினான். அது நெஞ்சுவரைதான் வந்தது. மறுபடி தூக்கினான். அந்த முறை நெஞ்சுக்கும் வரவில்லை.

"உன்ரை தோளிலை வைச்சுச் சுடட்டே?" என்றான் மெதுவாக.

"காது செவிடாப் போம்."

"இப்ப மட்டும் ஆர் சொல்லுறதைக் கேக்கிறாய்?"

துப்பாக்கியை என்னிடம் தந்தான். குண்டுகளை எடுத்துவிட்டுத் திறந்தபடியே புல்லில் வைத்தேன். அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்த மரப்பெட்டியை எடுத்து மூடியைத் தேய்த்தான். அமெரிக்கப் பெட்டை ஒன்று கென்டில் கூப்பிட்டது. சேவல் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அரைகுறையாக நிரப்பிய விண்ணப்பங்களை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. பிறகு கழுத்தை நீட்டி, செட்டையை அடித்து, ஒரு சத்தம் போட்டது. காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

"பதில் சொல்லுது, பதில் சொல்லுதடா," என்று அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. நான் முகமூடியை அவன் மூக்கில் பொருத்தி நிமிர்ந்தபோது சேவல் அங்கே இல்லை.

திரும்பிவரும்போது காரில் சொன்னான். "விழுந்தது எண்டு சொல்லப் போறன். உன்ரை பிரீசருக்குள்ளை கிடக்குதெண்டு."

"என்னத்துக்கடா பொய்? அவளே உன்னைக் கதவுக்கு வெளியாலை விடப்போறாள்?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "வெறுங்கையோடை போனால், எனக்கு இனி ஏலாது எண்டு அவளுக்கு விளங்கியிடும்."

வாசலில் அவள் காத்துக்கொண்டு நின்றாள். "ஒண்டு விழுந்தது. பெரிய சேவல். இவன்ரை வீட்டிலை கிடக்கு," என்றான். நான் தலையை ஆட்டினேன். அவள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். சற்றுநேரம் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு அதே கையால் அவன் கழுத்துச் சால்வையை அவிழ்த்தாள். "ஓம், ஓம். சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றாள்.

பெப்ரவரியில் அவன் போய்விட்டான்.

மரணத்தைப் பதிவது, வைத்தியரின் அத்தாட்சி, தகனத்துக்குத் திகதி எடுப்பது எல்லாம் நான் பார்த்தேன். இந்த நகரத்தில் செத்தவர்களும் வரிசையில் நிற்க வேண்டும். தகனத்துக்குக் கிடைத்த திகதி எட்டாம் நாளுக்குப் பிறகுதான் வந்தது. எட்டாம் நாளில், செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம், இறைச்சி மீன் குடிவகை உட்பட, சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். எட்டுச் செலவு என்போம், அன்று அவர் வந்து சாப்பிட்டுப்போவார் என்று நம்பிக்கை. உடல் இன்னும் தகனமாகாமல் குளிரறையில் இருக்கும்போது எட்டுப் படைக்கலாமா என்று ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசியில் விவாதித்தார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "கிரிமட்டோரியத்திலை இடம் கிடைக்கிற நாள் பார்த்தே அவருக்குப் பசிக்கும்?"

பிறகு என்னை அழைத்தாள். "அண்ணை, உங்கடை பிரீசரிலை கிடக்கிறதைக் கொண்டு வாங்கோ. அவர் கடைசியாச் சுட்டது. அதைத்தான் இலையிலை வைக்கவேணும்."

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? என் பிரீசரில் அவித்த பட்டாணியும் ஐஸ்கட்டியும் இருந்தன. உண்மையைச் சொன்னால், புருஷன் கடைசியாகச் சொன்ன பொய்யை அவள் தலையில் போட்டு உடைப்பதாகிவிடும். பருவம் முடிந்துவிட்டது, தோட்டக்காரனிடம் கேட்க முடியாது. வேட்டை இறைச்சி விற்கும் ஒரு கசாப்புக் கடையைத் தேடிப்போய் உரித்து உறைந்த பெசன்ட் ஒன்று வாங்கினேன். கடைப் பையையும் ஒட்டியிருந்த தாளையும் எறிந்துவிட்டு என் வீட்டுப் பையில் சுற்றினேன். இது எந்தச் சட்டத்தின்கீழ் வரும் என்று பழக்கதோஷத்தில் யோசித்தேன். எதிலும் வரவில்லை.

முதல் தடவையாக ஒரு காட்டுப் பறவை அந்த வீட்டு வாசலைத் தாண்டியது. அவளே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தண்ணீரில் கழுவிக்கொண்டே, திரும்பாமல் பேசினாள்.

"நல்ல துப்பரவு. நீங்கள் உரிச்சால் கழுத்திலை எப்பவும் நாலு மயிர் நிக்கும்."

நான் வெறும் பையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும் அண்ணை."

"எப்ப இருந்து?"

"வாசல்லை. இறகு தரேல்லையே. பெஞ்சாதியை மறந்தாலும் அந்த மனுசன் இறகை மறக்காது."

"பிறகேன் தங்கச்சி இதைக் கேட்டனீங்கள்?"

கத்தியை எடுத்துத் துண்டு போடத் தொடங்கினாள். சிறிய துண்டுகள். கடைசி மாதங்களில் அவனுக்கு அப்படித்தான் வெட்டிக்கொடுத்தாள்.

"வந்து பாக்கேக்கை இலையிலை அது இல்லையெண்டால், எனக்குத் தெரியுமெண்டு அவருக்கு விளங்கியிடும்," என்றாள்.

அடுப்பில் வறுத்த தூள் வாசம் எழும்பியது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம், தூளைக் காரணம் காட்ட வசதியாக இருந்தது.

மாலை முன்னறையில் இலை போட்டோம். சோறு, மீன், நண்டு, ஒரு கிளாஸ் விஸ்கி, நடுவில் அந்தக் கறி. பித்தளைச் சாடியை அவள் இலைக்குப் பக்கத்தில் நகர்த்திவைத்தாள். நான் சட்டைப் பையிலிருந்த மரப்பெட்டியை எடுத்து அதன் அருகில் வைத்தேன். கென்டிலிருந்து வந்த அன்று அவன் அதை என் காரில் விட்டுவிட்டுப் போயிருந்தான். விளக்கை ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். அவன் வந்து சாப்பிட, கதவைச் சாத்தினாள்.

முன்னறைக்கு வெளியே ஒடுங்கிய நடையில் சொந்தக்காரர்கள் குளிர்க்கோட்டுகளைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். கதவை எவ்வளவு நேரம் சாத்தி வைத்திருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். முறை தெரிந்த ஆள் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை.

அவள் கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவசரப்படுத்தாதேங்கோ," என்றாள். "அவருக்கு மூச்சு வாங்கும். ஆறுதலாச் சாப்பிடட்டும்."