ஆக்சிஜன் இறங்கிய ஏழுமலையை இன்று பஸ்ஸில் பார்த்தேன்

"கீழ்பென்னாத்தூர் ஒண்ணு குடுங்க" என்று கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதும், முன்சீட்டில் இருந்தவர் என் குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பினார்.

"மேடம், போன் பண்ணுவீங்களே, அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தானே நீங்க? நான் அடி அண்ணாமலை ஊரு ஏழுமலைங்க."

முகம் தெரியாது, பெயர் நன்றாகத் தெரியும். கொரோனா வந்து அவர் வீட்டில் தனி அறையில் இருந்தபோது, மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டச் சொல்லியிருந்தோம். அது அனுப்பும் ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் ஆஸ்பத்திரித் திரையில் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மதியம் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கியது. உடனே போன் செய்தேன்.

"நல்லாத்தான் இருக்கேங்க. கொஞ்சம் அசதி, தூங்கப் போறேன்" என்றார்.

போனிலேயே அதட்டி, ஆக்சிஜன் ஏறக் குப்புறப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் அனுப்பினேன்.

"அன்னிக்கு நீங்க திட்டலன்னா அப்படியே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார் இன்று. அருகில் இருந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கும்முன் அந்த அம்மா ரகசியமாகக் கேட்டார்: "அந்தப் பட்டை இன்னொண்ணு கெடைக்குமா மேடம்? நான் சொன்னா எதையும் கேக்கமாட்டாரு. ஆஸ்பத்திரில பாக்கறாங்கன்னா மட்டும் ஒழுங்கா இருக்காரு."

என் வீட்டுக்காரருக்கும் ஒன்று வேண்டும். வேறு யார் வீட்டுக்கெல்லாம் வேண்டும், கையைத் தூக்குங்கள்.