பதினைந்து மீட்டர் பவுல்ராஜ்

கரைக்கல்லில் குந்தி, பேன்ட் நனையாமல் முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நான்கு பாட்டில்களையும் ஒரே இடத்தில் முக்கி எடுக்கிறார் பவுல்ராஜ். பிறகு நிதானமாகச் சீட்டு ஒட்டுகிறார்: மேல்மட்டம், ஐந்து மீட்டர், பத்து மீட்டர், பதினைந்து மீட்டர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

சித்திரபுரத்துக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட் ஏரியின் நடுவுக்கு மாதம் ஒருமுறை படகில் போய், ஆழத்துக்கு ஆழம் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அவர் வேலை. ஒன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறார். "அடியில எடுத்தாலும் கரையில எடுத்தாலும் வெள்ளம் வெள்ளந்தான சாரே" என்பது, தண்ணீரை மலையாளத்தில் சொல்லி, அவர் கண்ட விஞ்ஞானம்.

அவருடைய பதிவேட்டில் ஏரியின் வெப்பநிலை 22, 21, 20, 19 என்று படி இறங்கும். கொளுத்தும் சித்திரையிலும் அதே படி, ஆடி மழையிலும் அதே படி. கல்யாண வீடுகளில் தன்னை "வாட்டர் சயின்டிஸ்ட்" என்று அறிமுகப்படுத்திக்கொள்வார். மாதா கோயிலில் முதல் வரிசையை விட்டு உட்கார மாட்டார்.

இந்த ஏப்ரலில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாய்களில் வந்த தண்ணீர் நாறியது. ஏரியின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய்தான் லயங்களுக்குத் தண்ணீர் தருகிறது. மூன்று வாரமாகப் பிள்ளைகளுக்கு வாந்தி. கொழுந்து பறிக்கும் முத்துப்பேச்சி அவரிடம் போய்க் கேட்டாள்.

"ரிப்போர்ட்டுல ஒரு குழப்பமும் இல்ல. நீங்க குடத்தக் கழுவுங்க."

அடுத்த மாதிரி எடுக்கும் நாளில், வேலைக்குப் போகாமல் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வாங்கண்ணே. நானும் பாக்கேன்."

கரையில் கூட்டம் கூடிவிட்டதால் பவுல்ராஜ் ஏற வேண்டியதாயிற்று. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் எடுக்கும் கருவி, இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய். கயிற்றில் இறக்கி, மேலிருந்து ஓர் எடையை நழுவ விட்டால் மூடிகள் சாத்திக்கொள்ளும். இவர் விட்டார், சாத்திக்கொள்ளவில்லை. கொக்கியை மாட்டவே தெரியவில்லை. படகுக்காரன் ஜோபிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தான்.

பதினைந்து மீட்டர் தண்ணீர் மேலே வந்ததும் அழுகிய முட்டை வாடை படகை நிறைத்தது.

"மோந்து பாருங்க. இதத்தான எம்புள்ளைக இத்தன நாளு குடிச்சிருக்கு?"

பவுல்ராஜ் கரையைப் பார்த்தார். "அது... சீசன் சரியில்ல."

அந்தப் பாட்டிலை அவள் அவரிடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, பரிசோதனைக்கூடத்து மேசையில் தானே வைத்தாள். முடிவு வந்த பத்தாம் நாள் உறிஞ்சுகுழாயை மேல்மட்டத்துக்கு உயர்த்தினார்கள். வாந்தி நின்றது.

செய்தி கேட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். பவுல்ராஜ் தலை வாரி, கருவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படகுத்துறையில் நின்றார். "சம்சயம் எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு" என்றார். யாரோ கூப்பிட்டு முத்துப்பேச்சியும் கூடையோடு அருகே வந்து நின்றாள். கேமரா உயர்ந்தது. அதைப் பார்த்துச் சிரித்தபடியே, பவுல்ராஜ் இடது கையால் அவளை மெல்ல ஓரமாக நகர்த்தினார்.