மேடத்துக்கு ஒரு பாட்டில் ஜாம்

பேருந்து மலையேறத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா மடியிலிருந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். உள்ளே சோறும் புகைபோட்ட பால்மீனும். ஏசி பேருந்து, ஜன்னல் எல்லாம் அடைப்பு. முன் சீட்டுப் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. டப்பாவைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினாள்.

"வாங்க, சாப்பிடலாம்! வெக்கப்படாதீங்க. ஒரு முள்ளு இருக்காது, நான் கியாரண்டி!"

எங்கள் ஊரில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல் சாப்பிடுவது மரியாதைக் குறைவு. கூப்பிட்டதும் கையை நீட்டுவது அதைவிடக் கேவலம். அதனால் பேருந்தே பல்லைக் காட்டித் தலையாட்டி மறுத்தது. நான் டப்பா மூடியை எடுத்து நீட்டினேன்.

"மூடித் தொலைம்மா. நாத்தம் குடலப் புடுங்குது."

"நாத்தமா? இந்த நாத்தத்துலதான்டி நீ வளர்ந்த. சிங்கப்பூர் போனதும் மகாராணிக்கு மூக்கு முளைச்சிருச்சு!"

அம்மாவின் பெயர் சபினா. எங்கள் ஊரான டகுபனின் சந்தையில் முப்பத்தொரு வருடமாக மீனுக்கு முள் எடுக்கிறாள். பால்மீன் ருசியான மீன்தான், ஆனால் ஒன்றில் இருநூறு முள்ளுக்குமேல் இருக்கும். முதுகில் கீறி விரித்து, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். சதை கிழியக் கூடாது, தோல் பிய்யக் கூடாது. விடிகாலை நாலு மணிக்கு மீன் வண்டி வரும்போது அம்மா மேடை முன்னால் நிற்பாள். விரல் நுனி எல்லாம் வெடிப்பு. தலைமுடியில் எப்போதும் ஒரு செதில் மினுக்கிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாசலுக்கு அவள் வந்தால் நான் தெரியாதவளைப் போல நடப்பேன். அவ்வளவு அருவருப்பு எனக்கு.

டகுபனிலிருந்து மலைமேலிருக்கும் பாகியோவுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. தெளிவான நாளில் சந்தைக் கூரைமேல் நின்றால் மலை தெரியும். அம்மா ஒரு தடவைகூட ஏறியதில்லை. அப்பா இருந்தவரை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றார். பிறகு அவர் போய்ச் சேர்ந்தார். நான் பன்னிரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. இந்த லீவில்தான் அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன், ஒரு இரவு, இரண்டு பகல்.

ஊர் சுற்றிக் காட்டுவது சாக்கு. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். இறங்கியதும் அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட மேடம் காகிதத்தைத் தயாராக வைத்திருப்பாள். நான் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அதை அம்மா சொல்ல வேண்டும். நானாக நின்றால் எங்கள் தெருவுக்கு நான் ஓடி வந்தவள். அம்மா "போகாதே" என்றால் வீடு திரும்பியவள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மலை ஏறினேன்.

பாகியோவில் பனிமூட்டம். அம்மா என் பழைய ஜாக்கெட்டுக்குமேல் துண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளத்தாக்கு தெரியும் மேட்டில் நின்றாள். ஒரு நிமிடம், சத்தியமாக ஒரே நிமிடம், வாயைத் திறந்து பார்த்தாள். எனக்கும் நெஞ்சு லேசானது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் பையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்து விரித்தாள்.

"சரி, பாத்தாச்சு. கடை எந்தப் பக்கம்?"

தாளின் பின்பக்கம் பதினேழு பெயர். வெளியூர் போகிறவர்கள் வீட்டிலிருப்பவர்களுக்கு வாங்கி வருவதைப் பசலுபோங் என்போம். வெறுங்கையோடு திரும்பினால் ஊர் சும்மா இருக்காது. அத்தைக்கு விளக்குமாறு, சாமியாருக்குக் கடலைமிட்டாய், பக்கத்து வீட்டு நிலாவுக்குக் கம்பளித் தொப்பி, மீன்மேடைக்காரிகள் ஆறு பேருக்கு ஸ்ட்ராபெரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல உன் பேரு எங்கம்மா?"

"நான்தான் வந்துட்டேனே! எனக்கெதுக்கு?"

பட்டியலில் முதல் பெயரைப் பார்த்தேன். பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு: மேடம்.

சீ என்று ஆகிவிட்டது. அந்தப் பெயர் அங்கே ஏறியதற்கு நானேதான் காரணம்.

முதல் லீவு முடிந்து நான் கிளம்பியபோது அம்மா பன்னிரண்டு பால்மீனுக்கு முள் எடுத்து, புகைபோட்டு, வாழையிலையில் சுற்றி, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். "அவங்க வீட்டுச் சோறு திங்கிற. நம்ம கையாலயும் ஏதாவது போகணும்ல?" என்றாள். சிங்கப்பூரில் மேடம் பெட்டியைத் திறந்தாள். முகம் கோணியது. நான் கக்கூஸ் கழுவும் மஞ்சள் கையுறையை மாட்டிக்கொண்டாள். பெட்டியோடு தூக்கிப்போய்ச் சமையலறைச் சுவரிலிருக்கும் குப்பைக் குழாயில் தள்ளினாள். பதினாலாவது மாடி. அது இடித்து இடித்துக் கீழே இறங்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு ஃபிரிட்ஜை வினிகர் போட்டு மூன்று தடவை துடைக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அம்மா போனில் ஆவலாகக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? "மேடம் விரலச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாங்கம்மா" என்றேன். அம்மா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அடுத்த முறை மேடம் வாசலிலேயே கேட்டாள், அந்த மீனா என்று. ஆமாம் என்றேன். விரலால் குழாயைக் காட்டினாள். நானே போட்டேன். அதற்கடுத்த முறை அவள் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் போனில் ஒரு புதுப் பொய். சார் இரண்டு தட்டு சாப்பிட்டார், குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டன என்று. அம்மாவின் மனதில் மேடம் தேவதையாகிவிட்டாள். இப்போது அந்தத் தேவதையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பாகியோவில் அன்று மதியம் முழுக்க மேடத்துக்குப் பசலுபோங் வேட்டை. குதிரைக்குப் பிடரியில் ஊதாச் சாயம் பூசித் தொப்பி மாட்டி நிறுத்தியிருந்தார்கள். பாவம், அதன் கண்ணிலிருந்து சாயம் வழிந்தது. அம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்து, "போட்டோ எடு, மேடத்துக்கு அனுப்பு" என்றாள். மர பொம்மைக் கடையில் பீப்பாய்க்குள் நிற்கும் ஆள் பொம்மையைத் தூக்கினாள். பீப்பாயை மேலே இழுத்தால் அவன் அம்மணமாக நிற்பான், வேண்டாததெல்லாம் எழுந்து நிற்கும். பாகியோவில் எல்லாக் கடையிலும் இந்தக் கருமம் உண்டு. அம்மா "ஐயோ ஏசுவே!" என்று கத்திப் பீப்பாயைப் பட்டென்று மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தாள்.

"இத உங்க சாருக்குக் குடுத்தா?"

"என்னைய ஜெயில்ல போடுவாங்க."

"அவரு சிரிக்கவே மாட்டாரா?"

"அந்த வீட்ல யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா."

"போடி. எங்கிட்ட நீ சொன்னதே வேற" என்றாள். கடைக்காரியிடம் திரும்பி, "என் பொண்ணோட மேடம் என் மீனுக்கு உயிர விடுவாங்க, தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். நான் கடையை விட்டு வெளியே போய் நின்றேன். என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும், கன்னியாஸ்திரீகள் விற்கும் வள்ளிக்கிழங்கு ஜாமுக்கு வரிசையில் நின்றோம். ஆளுக்கு ஒரு பாட்டில்தான். அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. விட்டு விட்டு ஒற்றைக் காலில் நின்றாள். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு பாட்டிலையும் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு சாமியாருக்கு. ஒண்ணு மேடத்துக்கு. இந்தத் தடவ மீனு பதினஞ்சாப் போடட்டுமா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான் திரும்பிப் போகலம்மா."

"எங்க?"

"சிங்கப்பூருக்கு. இனிமே அங்க வேல செய்யல."

அம்மா என்னைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அந்த நல்ல மனுஷிய அம்போன்னு விட்டுட்டா? உப்பிட்டவங்கள உள்ளளவும் நினைக்கணும்டி. நன்றி கெட்ட ஜென்மத்தயா பெத்தேன் நான்?"

"அவ உப்புப் போட்டா. உன் மீனக் குப்பையில போட்டா."

சொல்லிவிட்டேன். கையுறை, குழாய், வினிகர், பொய் எல்லாவற்றையும். ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்த பிறகு அம்மா கேட்டாள்.

"அஞ்சு தடவயும் அவங்களா போட்டாங்க?"

"ஒரு தடவதான் அவ. நாலு தடவ நான் போட்டேன்."

அம்மா எழுந்து பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"சந்தை பூரா சொன்னேனேடி" என்றாள். "சாமியார்கிட்டகூடச் சொன்னேன். என்னைய எல்லார் முன்னாடியும் கோமாளி ஆக்கிட்டியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பனி எங்கள் காலடி வரை வந்துவிட்டது. அம்மா தன் வலது கையை விரித்து விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீயாவது தின்னிருக்கலாமேடி. ஒரு துண்டு?"

"முடியாதும்மா. கையில மீன் நாத்தம் இருந்தா கண்டுபிடிச்சிருவா."

"எப்புடிக் கண்டுபிடிப்பா?"

"மோந்து பாப்பா."

"எத?"

"என் கைய. தினமும். சமைக்கிறதுக்கு முன்னாடி நீட்டச் சொல்லி மோந்து பாப்பா."

அம்மா பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்தாள். என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். உள்ளங்கையை, விரலிடுக்கை, நகக்கண்ணை. திருப்பிப் போட்டு மறுபடியும் முகர்ந்தாள்.

"ஒண்ணுமே இல்லையே" என்றாள். "ஒரு வாசனையும் இல்லையேடி. என் பொண்ணு கைதானா இது?"

த்தூ என்று தரையில் துப்பினாள். பட்டியலில் முதல் பெயராக இருந்தவளுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. பாவாடையில் சுற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். திறந்தது. கரண்டி ஏது? வெடித்த விரல் இரண்டை உள்ளே விட்டு ஊதா நிறத்தில் ஒரு கவளம் அள்ளினாள்.

"தின்னு."

"அம்மா, கை கழுவாம..."

"தின்னுடி!"

அவள் விரலில் மீன் வாசம் இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசம். ஜாமோடு சேர்ந்து தொண்டையில் இறங்கியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினேன். அவள் அடுத்த கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கா ஒன்றரை மணி நேரம் நின்னேன்? திகட்டுது" என்றாள். ஆனாலும் பாட்டில் பாதியாகும்வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

பேருந்து இறங்கும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் விளக்குமாறு, காலடியில் ஸ்ட்ராபெரிப் பெட்டிகள். வளைவுகளில் மலை திரும்பத் திரும்ப வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "போகாதே" என்று அவள் சொல்லவே இல்லை. பாதி வழியில் அதை நான் எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். டகுபன் தெருவிளக்குகள் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு மீன் வண்டி வரும். என் பக்கத்துல ஒரு ஆள் நிக்க இடம் இருக்கு. எந்திரிப்பியா?"

எனக்கு அந்த நாற்றம் பிடிக்காது. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

"எழுப்பி விடும்மா" என்றேன்.