காலியாக விட்ட எட்டுக் கட்டங்கள்

பேய், ஆவி சமாச்சாரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காட்டுப்பள்ளி கண்டெய்னர் யார்டில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறவன் நான். எண்ணூர் ரோட்டு லாரி வரிசையில் சிக்கினால் எந்தப் பேயும் விடிவதற்குள் வந்து சேராது என்பது என் கட்சி. அதனால் இதைப் படித்துவிட்டு, சாமு ரீல் விடுகிறான் என்று நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

திருவொற்றியூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு நான்தான் லீடர். பாட விட்டால் ஆபத்து என்று கையை ஆட்ட விட்டிருக்கிறார்கள். எனக்கு முன் லீடராக இருந்தவர் ஆசீர் அண்ணன். விம்கோ நகர் பக்கம் ஒரு கண்ணாடி கம்பெனியில் உலை வேலை. உலையை அணைக்க முடியாது என்பதால் பெரிய வெள்ளிக்கும் அங்கே லீவு கிடையாது. அண்ணன் மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். அந்தக் கம்பெனிச் சங்குதான் அப்போது எங்கள் ஏரியாவுக்குக் கடிகாரம். மத்தியானம் ஷிப்ட் முடிகிற மூன்று மணிச் சங்கு ஊதினால், ஞானம் அண்ணி எங்கே இருந்தாலும் எழுந்து போய் அண்ணனுக்கு டீ வைப்பார்.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு, அண்ணன் வருடக்கணக்காக உட்கார்ந்து ஏழு நாலுகுரல் பாடல்கள் எழுதினார். ஆறு முடிந்தது. ஏழாவதில், கடைசி எட்டுத் தாளக் கட்டங்களில் கோடு இருக்கிறது, புள்ளி இருக்கிறது, டோ ரே மி என்கிற ஸ்வர எழுத்து மட்டும் இல்லை. அதைப் பாடுவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். அண்ணனும் நோட்டை மூடிவிட்டார். மனசு விட்டுப்போய் பாதியில் நிறுத்திவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மூன்று வருடம் முன்பு அண்ணனுக்கு பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அண்ணி நோட்டை என் கையில் கொடுத்தார்.

"அவரு கண்ணு மூடறதுக்குள்ள ஒரு தபா முழுசா கேட்டுறணும் சாமு. நீதான் முடிச்சிக் குடுக்கணும்."

இந்த மாதிரி நேரத்தில் ஒழுங்கான ஆள் பயப்படுவான். நான் புதுச் சட்டை எடுத்தேன். அந்த எட்டுக் கட்டத்தில் சோப்ரானோ பெண்களை உச்சிக்கு ஏற்றினேன், பேஸ் ஆண்களைக் கீழே உருள விட்டேன், கீபோர்டில் மணிச் சத்தம் வேறு. மொத்தத்தில் ஒரு மரணத்துக்கு ரிசப்ஷன் வைத்த மாதிரி. போதாததற்கு, எடுப்பாக இருக்கட்டும் என்று பாட்டின் சுருதியையும் அரைக் கட்டை ஏற்றினேன்.

முடித்ததும் அண்ணன் கட்டிலருகே கீபோர்டை வைத்து வாசித்தேன். என் இடம் வந்ததும் அவர் நல்ல கையால் கட்டிலைத் தட்டினார். தலையை ஆட்டினார். ஜன்னலைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லப் பார்த்தார்.

"பாத்தீங்களா அண்ணி, ஒன்ஸ் மோர் கேக்கறாரு!" என்றேன்.

அண்ணி சிரித்தார். அண்ணன் கண்ணில் தண்ணீர். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பெரிய வெள்ளிக்குப் பத்து நாள் முன்னால் அண்ணன் போய்விட்டார்.

அந்தப் பெரிய வெள்ளி, நல்ல வெயில். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கிற மும்மணி ஆராதனையின் கடைசியில் ஏழாம் பாடலைத் தொடங்கினோம். என் எட்டுக் கட்டம் ஆரம்பித்தது, சங்கு ஊதியது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். அடியிலிருந்து கிளம்பி, மெல்ல ஏறி, ஒரே சுருதியில் நின்றது. எங்கள் சுருதிக்குச் சரியாக அரைக் கட்டை கீழே. பல் கூசியது. நான் ஏற்றாமல் விட்டிருந்தால் அச்சாகப் பொருந்தியிருக்கும். எதிரே டெனர் மோசஸ் வாயைத் திறந்தபடி நிற்கிறான், பாட்டு வரவில்லை. அவன் அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். இளசுகள் அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பெஞ்சிலிருந்து அண்ணி எழுந்தார், பையை எடுத்தார், விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"மாமு, கம்பெனியத்தான் இடிச்சிட்டு அபார்ட்மெண்ட் கட்டிட்டானுங்களே, இன்னா மாமு இது?" என்றான் மோசஸ், ஆராதனை முடிந்ததும்.

"எதுனா கப்பல் ஹார்னா இருக்கும்டா."

"அந்தச் சங்குக்கு பயந்து பன்னெண்டு வருசம் சைக்கிள் மிதிச்சவன் நானு. என்கிட்டயே சொல்றியா?"

விசாரித்துப் பார்த்தால் குழுவில் இளசுகள் ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு நடந்தேன். வழியில் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எட்டாம் கட்டத்தின் ஓரத்தில் இரட்டைக் கோடு. பாட்டு முடிந்தது என்று போடுகிற கோடு. மேலே பென்சிலில் ஒரு 3. நான் அதைப் பக்க எண் என்று நினைத்திருந்தேன். எங்கள் எழுத்து முறையில், பாடாமல் நிற்க வேண்டிய இடத்துக்கு எந்த எழுத்தும் கிடையாது. கோடும் புள்ளியும் போட்டு வெறுமனே விடுவோம். குழுவில் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருவது அது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அண்ணன் எதையும் பாதியில் விடவில்லை. மனிதர்களை நிறுத்திவிட்டு, இயேசு உயிர்விட்ட மூன்று மணிக்கு சங்கைப் பாட விட்டிருந்தார்.

அண்ணி வீட்டில் அடுப்பில் டீ.

"உக்காரு. சங்கு ஊதுச்சி, காலு தானா வந்துருச்சி. வூட்டாண்ட வந்தப்புறந்தான் அவரு இல்லன்னே ஞாபகம் வந்துச்சி. போட்ட டீ வீணாப் போவுது, நீ குடி." டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அவரு முறை வரும்போது நீ ஏன் சாமு குறுக்க பாடினே?"

எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன். அன்றைக்கு டீயை மட்டும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

இப்போதெல்லாம் பெரிய வெள்ளிக்கு பழைய சுருதியிலேயே பாடுகிறோம். கடைசி எட்டுக் கட்டத்துக்கு நான் கையைத் தூக்கியபடி நிற்பேன், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஃபேன் சத்தம் கேட்கும், வெளியே லாரி போகும். நான் மன்னிப்புக் கேட்கவாவது அந்தச் சங்கு ஒரு தடவை ஊதாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. மோசஸுக்கும் கேட்பதில்லை.

மூன்றாம் பெஞ்சில் அண்ணி மட்டும் வருடா வருடம் அந்த இடத்தில் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, டீ வைக்கக் கிளம்பிவிடுகிறார்.